பாயிஸா பறக்காத ஈ பிடித்த படலம்

தேன்கனிப் பலாச்செறி கல்வராயன் மலையடிவாரத்தில், பேருந்துப் புகை கமழும் கள்ளக்குறிச்சிப் பெருநகரில், வெல்லமண்டி சுபுஹான் குலத்துதித்த கோமகளே, முதுநிலை விலங்கியல் இரண்டாமாண்டின் மாவீரியே, உருப்பெருக்கியை உடைவாளாய்த் தரித்த பாயிஸாவே, வாழி நீ! நின் புகழ் பாட எமக்கு நா ஒன்றே; நின் எதிரிக்கோ கால் ஆறு.

மூன்று திங்கள் பழ ஈக்களுக்கு மணமுடித்து வைத்து, அவற்றைப் பேரன் பேத்தி எடுக்கவும் வைத்து, பறப்புத் தசையை வளர்க்க ஆணையிடும் மரபணு பழுதுபட்ட ஒற்றை ஈயை அவள் அடைந்திருந்தாள். சிறகு உண்டு, அதை அசைக்கத் தசை இல்லை. பதினொரு மணிக்குப் புறத்தேர்வாளர் வருகிறார். ஈயைக் காட்டினால் பட்டம், காட்டாவிட்டால் இன்னும் ஆறு மாதம். பறக்க இயலாதவனுக்குக் காவல் எதற்கென்று குழாயின் பஞ்சடைப்பை அவள் நீக்கி வைத்ததுதான் வினையாயிற்று. கெட்டது பறப்புத் தசை மட்டுமே. கால்களில் ஒரு குறையும் இல்லை. ஈ நடையைக் கட்டிவிட்டது.

மேசையடியில் தவழ்ந்தவளைக் கண்டு, ஆய்வகம் கூட்டும் அமிர்தம் வினவினார்.

“இன்னா பாயிஸா, தேடிக்கினு இருக்க?”

“பறக்காத ஈ ஒண்ணு, அக்கா. அது இல்லன்னா என் கதை முடிஞ்சிது.”

“மலையிலேர்ந்து கொணாந்த பலாப்பழத்த சன்னல்ல அறுத்து வெச்சிருக்கேன். ஊர்ப்பட்ட ஈ அதுமேலதான் மொய்ச்சிக்கினு இருக்குது. போய்ப் பாரு.”

ஆங்கே பொற்சுளைப் பெருங்களத்தில், கல்யாணப் பந்தியில் முதல் வரிசை பிடித்த உறவினர் போல் நூறு ஈக்கள் வீற்றிருக்க, எவன் தன்னவன் என்றறியாது கலங்கி, கலங்கியும் தளராது, துப்பட்டாவை வரிந்து கட்டி, கோமகள் முழங்கினாள்: “பழமுண்ணும் படையீர், தசையுடையோர் பறந்து தப்புமின்! எஞ்சுவோன் எவனோ அவனே என் பட்டம்!” கைதட்டினாள். திசையெட்டும் அதிர்ந்தன, சேனை சிதறியது, ஒருவன் மட்டும் அசையாதிருந்தான். பாயிஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சுளைப் பிசினில் ஆறு காலும் புதைந்து கிடந்த அவனைத் தூரிகையால் மெல்லப் பெயர்த்து, நீர்த்துளியால் திருமஞ்சனம் ஆட்டி, ஈரம் உலர ஊதி, வெண்தாள் அரியணையில் அமர்த்தி, மணி பதினொன்று ஒலிக்க, புறத்தேர்வாளர் மூக்குக்கண்ணாடி தாழ்த்தி நோக்க, துறைத்தலைவர் பின்னின்று பெருமிதம் கொள்ள, நெஞ்சு நிமிர்த்தி அவள் மொழிந்தாள்: “ஐயன்மீர், பறத்தல் என்பதையே அறியாப் பிறவி இது, காண்மின்!”

ஈ பறந்து போய்விட்டது.