நான் நடுநிலைதானா என்று நானே விசாரித்தது

அரியலூர் மாவட்டத்தில் நியாயம் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது தா.பழூர்ப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடை வாசலில், என் உருவத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. கதை சொல்கிறவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்று சொல்லி, விவசாயிகள் என்னை 'அறுவடை முறை நடுவர்' ஆக்கினார்கள். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்லை, செல்லங்களா. பதவி அதைக் கேட்கவுமில்லை.

வழக்கு எளிது. ரோட்டோரம் இருதயநாதன் வயல்; அதற்கு உள்ளே ஆனி ரோஸ் வயல். அறுப்பு மெஷின் அவர் வயலைத் தாண்டித்தான் இவள் வயலுக்குப் போக முடியும். அவர் பயிர் விளையும்வரை இவள் காத்திருக்க வேண்டும் என்று போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் தீர்ப்பளித்தேன். இரண்டு முறையும் அவள் நெல் வயலிலேயே கொட்டிப்போனது. இதற்குப் பெயர் 'முன்னுதாரணம்'.

இந்த வருடமும் அவள் கதிர்தான் முதலில் முற்றியது. மெஷின் ரோட்டில் தயாராக நின்றது. கிழக்கே மேகம் கறுத்திருந்தது.

"பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் ஆனி ரோஸ். "இந்தத் தடவ நீங்க ஒதுங்கிக்கங்க. வெற்றிச்செல்வி அக்கா விசாரிக்கட்டும்."

"எனக்கு உம்மேல என்னடி கோவம்?"

"கோவம் இல்லீங்க. நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தியே உங்க வாயில தீர்ப்பு இருக்கு."

கனமான குற்றச்சாட்டு. இதை விசாரிக்கத் தகுதியானவர் யார்? என்னை என்னைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. ஆகவே நானே விசாரித்தேன். சாட்சியும் நானே. "நீ ஒருபக்கம் பேசுறவளா?" என்று கேட்டேன். "சேச்சே" என்றேன். குறுக்கு விசாரணையிலும் சாட்சி அசையவில்லை.

"டீ ஒண்ணா, ரெண்டா?" என்றார் கடைக்காரர் கருப்பண்ணன். "நடுவருக்கு ஒண்ணு, சாட்சிக்கு ஒண்ணு?"

"பெரியம்மா, தூறுது," என்றாள் ஆனி ரோஸ்.

"குறுக்க பேசாதடி. ஒதுங்கறதா வேண்டாமாங்கறது சட்டப் பிரச்சினை."

நான் நடுநிலையானவள் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது மட்டும் ஒதுங்கினேன், கடைக் கூரைக்குள். ஆனி ரோஸின் நெல் தண்ணீரில் படுத்துவிட்டது. சேற்றில் இறங்க முடியாது என்று மெஷின் கிளம்பிப் போனது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளோடு வயலில் இறங்கினாள்.

பின்னாலேயே இருதயநாதனும் அரிவாளோடு நடந்தார். என் தீர்ப்புகள் மனிதரை எப்படிப் பண்படுத்தியிருக்கின்றன என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"நீ ஏன் தம்பி நனையற? மழை வரலைன்னாலும் தீர்ப்பு உனக்குத்தானே வந்திருக்கும்?"

அவர் நின்றார்.

"அதாங்க்கா. எம் பயிர்ல ஓரமா ஒரு பட்டை அறுத்துக்கிட்டு மெஷின் உள்ள போவட்டும்னு சொல்லத்தான் காலையில வந்தேன். விசாரிக்கறது நீங்கன்னு சொன்னாங்க. எப்படியும் எனக்குத்தான் சொல்லுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."