சனிக்கிழமைக்குள் வந்து என் தலையைக் காப்பாற்றுங்கள்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் என் சுகம் வரும் சனிக்கிழமை வரைக்கும்தான். ஆகையால் இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும், யாரிடமும் எதுவும் கேட்காமல், ஏதோ இந்தப் பக்கம் வந்தவர் போல வந்து என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். போனில் சொல்லலாம் என்றால் அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இதை எழுதுவது குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும் அறை இந்த வீட்டில் இது ஒன்றுதான். எழுத்து கோணலாக இருந்தால் வாளியை மன்னியுங்கள்.

விஷயம் அண்ணன் தலையில் தொடங்கியது. இருபத்துமூன்று வயதில் அவனுக்கு உச்சியில் முடி கொட்டுகிறது. அதை அவன் கண்ணாடியில் கண்டுபிடிக்கவில்லை, கண்ணாடிக்கு உச்சி தெரியாதே. அவன் வேலை பார்க்கும் செல்போன் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. ஒரு நாள் அதன் திரையைப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "யாருண்ணே அந்த வழுக்கைக் கஸ்டமர், ரொம்ப நேரமா நிக்கிறாரு?" என்று கேட்டிருக்கிறான். "அது நீதான் தம்பி," என்றாராம் முதலாளி. அன்றிலிருந்து அண்ணன் கேமராவுக்குத் தெரியாத மூலையில் நின்றே வியாபாரம் செய்தான். இவன் ஏன் கேமராவுக்கு ஒளிகிறான் என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்து பையைச் சோதித்தார். உள்ளே ஒரு பாட்டில் வெங்காயச் சாறு இருந்தது. வேலை தப்பியது, ஆனால் அந்த வாசனையில் வாடிக்கையாளர்கள் யாரும் கிட்டே வரவில்லை. அடுத்து இணையத்தில் சிவப்பு விளக்கு எரியும் தொப்பி ஒன்று வாங்கினான். அதை மாட்டிக்கொண்டு இருட்டில் தண்ணீர் குடிக்க வந்தவனைப் பார்த்து அப்பா அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அதற்கப்புறம்தான் டாக்டர், சொட்டு மருந்து எல்லாம். முதலில் கொஞ்சம் அதிகமாகக் கொட்டும், பயப்படாமல் தொடர்ந்து போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். மருந்து சொன்னபடி நடந்துகொண்டது, அண்ணன் நடந்துகொள்ளவில்லை. பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டான்.

போன மாதம் அம்மா அவனை மறுபடி அங்கே இழுத்துக்கொண்டு போனபோது, வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் சித்தி நான் மாட்டிக்கொண்டேன். டாக்டரம்மா ஒவ்வொரு வழியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாத்திரை ஒன்று இருக்கிறதாம். ஊசி ஒன்று இருக்கிறதாம், அவனுடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுற்றி, அதில் ஒரு பகுதியை அவன் தலையிலேயே குத்துவார்களாம். அதைக் கேட்டே அண்ணன் நாற்காலியில் சரிந்துவிட்டான். கடைசியாக ஒன்று, பின்மண்டை முடியை வேரோடு ஒவ்வொன்றாகத் தோண்டி முன்னால் நடுவது. அண்ணன் சரிந்தபடியே, "பின்னாடி இருக்கறது போதலைன்னா டாக்டர்?" என்று கேட்டான். அவர் என் பக்கம் திரும்பினார். "இங்க வா கண்ணு," என்று என் தலையைக் குனியவைத்து, வகிட்டைப் பிரித்து, விளக்கு வைத்த ஒரு கண்ணாடியால் பார்த்தார். போட்டோ எடுத்தார். பிறகு அம்மாவிடம், "இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்," என்றார். எடுத்தார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளிடம் இதைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது என்பதால் அவளைப் பேராசிரியை என்று கூப்பிடுவோம்.

"எங்க மாமாவுக்கு அவர் தங்கச்சிதான் கிட்னி குடுத்தாங்க," என்றாள். "முதல்ல ரத்தம்தான் எடுத்துப் பார்த்தாங்க. கிட்னிக்கே தங்கச்சின்னா, முடிக்குக் கேக்கவா வேணும்?"

"வலிக்குமாடி?"

"புல்லு புடுங்கினா தரைக்கு வலிக்குமா?"

அவளுக்கு என்ன, ஒரே பிள்ளை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் அவள் சொன்னபடியே நடக்கிறது. எனக்கு மட்டும் இரண்டு முட்டை. எனக்கு மட்டும் பேரீச்சம்பழம். அண்ணன் கை நீட்டினால், "அது அவளுக்குடா," என்று அம்மா தட்டிவிடுகிறாள். பயிருக்கு உரம் போடுகிறார்கள் சித்தி. என் தலையை இப்போது அம்மாவே வாருகிறாள், அகலப் பல் சீப்பால், பூனையைத் தடவுவது போல. வாரி முடித்ததும் சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். நான் இழுத்துக் கட்டினால், "விடுடி, இருக்கறதையாவது காப்பாத்துவோம்," என்கிறாள். நான் எந்த வகுப்பு என்றே தெரியாத அப்பா, நேற்று என் தலையைத் தடவி, "எல்லாம் சரியாப் போயிடும்மா," என்றார். ஃபிரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை காலை. அதில் அண்ணன் பெயர் இல்லை. என் பெயர் இருக்கிறது.

எனக்குக் கணக்கு வராது, ஓட்டம் வராது, பாட்டுக் கேட்டால் பாட்டு டீச்சரே ஜன்னலைப் பார்ப்பார். இந்தப் பள்ளியில் எனக்கென்று இருப்பது இந்தப் பின்னல் ஒன்றுதான். வகுப்புப் போட்டோவில் என்னை மட்டும் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்வார்கள், பின்னல் தெரியட்டும் என்று. அதுவும் போய்விட்டால் நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது?

ஆனால் சித்தி, அண்ணனைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. நேற்று இதே குளியலறையில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டைச் சல்லடையிலிருந்து முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, "ஒண்ணுமில்ல, போ," என்றான். பிறகு அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கு அடியில் அமுக்கினான். திருடன் மாதிரி இருந்தது முகம். அதனால் நானும் யோசித்து வைத்திருக்கிறேன். காதுக்குக் கீழே, கழுத்தை ஒட்டி, பின்னல் போட்டால் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் கேட்டால் நீங்கள்தான் எனக்காகப் பேச வேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும் சொல்லி முடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் சின்னவர்கள் இல்லாததால் அதைச் சித்தப்பாவின் பூனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதியில் முழு முடியோடு இருக்கும்
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: கதவு தட்டப்பட்டது. அண்ணன். சொட்டு மருந்தை மறுபடி ஆரம்பித்திருக்கிறானாம், அதற்குக் கண்ணாடி வேண்டுமாம். கடிதத்தைப் பிடுங்கி, என் வாளியிலேயே உட்கார்ந்து படித்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான். "மக்கு, உன் முடி என் தலையில நிக்காது. அவங்கவங்க முடிதான் அவங்கவங்களுக்கு. எனக்கு இந்த வயசுல நடவே வேண்டாம்னுட்டாங்க."

"அப்போ சனிக்கிழமை?" என்றேன்.

சிரிப்பை நிறுத்தினான். "அது உனக்கு."

என் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவாம். என் வகிடு அகலமாகிக்கொண்டே போகிறதாம். முட்டை அதற்குத்தானாம். நான் பயப்படுவேன் என்று யாரும் சொல்லவில்லையாம். "உன்னுது சத்து ஏறினா சரியாயிடும், என்னுது மாதிரி இல்ல," என்றான். சல்லடையில் பொறுக்கியது யாருடைய முடி என்று கேட்டேன். துண்டை மடித்துக்கொண்டே, "நீளமா இருந்துச்சு," என்றான்.

ஆகையால் சித்தி, என்னை அழைத்துப்போக வர வேண்டாம். ஆனாலும் வாருங்கள். அண்ணன் செல்போன் விற்கிறவன், டாக்டர் இல்லை. அடுத்தவர் முடி நிற்காது என்று அவன் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். உங்களுக்கு இடுப்பைத் தாண்டி முடி இருக்கிறதே. வரும்போது தலையை நன்றாக அலசிக்கொண்டு வாருங்கள். என் பங்கிலிருந்து உங்களுக்கு ஒரு முட்டை எடுத்து வைக்கிறேன்.