மச்சினன் மெஷினில் முன்னூறு படம்

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் படத்தை ஊர் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் என் பெயர் சுந்தரபாண்டியன் இல்லை. திங்கட்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே இப்படிச் சபதம் செய்தேன். வாயில் நுரை இருந்ததால் என் மனைவி குருவம்மாளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. துப்பிவிட்டு மறுபடியும் செய்தேன்.

எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சினன் மாரீஸ்வரன் மகளுக்குக் கல்யாணம். மேடையில் குடும்பத்தோடு குரூப் போட்டோ எடுத்தார்கள். தூரத்துச் சொந்தம், பக்கத்து வீட்டுக்காரர், சமையல்காரரின் தம்பி எல்லாரும் அதில் உண்டு. பெண்ணின் சொந்த அத்தை புருஷன் நான் மட்டும் இல்லை. ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அன்றிலிருந்து மாரீஸ்வரனோடு பேச்சில்லை. அவன் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாண ஆல்பத்தைத் தொட்டதுகூட இல்லை.

இப்போது சமயம் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் யுவராணி எங்கள் குடும்பத்துக்கு ஒரு வெப்சைட் செய்திருந்தாள். அதை நடத்தும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. படங்கள் மொத்தமும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மாரீஸ்வரனின் போட்டோ ஸ்டூடியோ மெஷினில், அதாவது அவன் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இந்தக் கம்ப்யூட்டர் அங்கிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்தில் பெரிய திரை கட்டி வெப்சைட்டைப் போடப் போகிறார்கள். இருநூறு சொந்தக்காரர்களுக்கு முன்னால், நான் இல்லாத அந்தப் படம்! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் படம் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் காலிக் கட்டம்.

"விடுங்க. வரலைன்னா போகுது," என்றாள் குருவம்மாள்.

"ஏட்டி, உன் தம்பி மானத்தைக் காப்பாத்தப் பாக்கியா? வர வச்சே தீருவேன்."

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் முப்பது வருஷம் மில்லில் அறுந்த நூலை எடுத்து ஒட்டினவன். எங்கே அறுந்தது என்று தேடத் தெரியும். மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மாமா மெஷினுக்கு நான் ஒரு சுருக்கப் பேர் வச்சிருந்தேன். அது எனக்குத்தான் தெரியும், சர்வருக்குத் தெரியாது. இப்ப முழு அட்ரஸ் எழுதிட்டேன், பாருங்க."

பார்த்தேன். கட்டம் காலி. செவ்வாய்க்கிழமை சர்வரை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். புதன்கிழமை ஒயரை மாற்றினேன்.

"வேண்டாங்க. இந்த வயசுல எதுக்கு?" என்றாள் குருவம்மாள். எனக்கு வீராப்பு இரண்டு மடங்கானது.

வியாழக்கிழமை யுவராணி கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் திறந்தா படம் வருது, ஏன்னா என் பேர்ல போகுது. வெப்சைட் கேட்டா சர்வர் தன் பேர்ல போகுது. அப்படி ஒரு ஆளை மாமா மெஷினுக்குத் தெரியாது. யாரு நீன்னு வாசல்லயே நிறுத்திருது."

"அவன் மெஷினுக்கும் அவன் புத்திதான்!"

"மாமா மெஷின்ல சர்வர் பேரைச் சேர்த்து பர்மிஷன் கொடுக்கணும்ப்பா. அதுவும் ரெண்டு இடத்துல. கேட்டைத் திறந்தா பத்தாது, உள்கதவையும் திறக்கணும். மாமாவையே செய்யச் சொல்லட்டா?"

"அவனா? அந்தப் படத்தை மட்டும் ஒளிச்சிருவான். நானே போறேன்."

"போகாதீங்க. பதினோரு வருஷமா மிதிக்காத வாசல்," என்ற குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஸ்டூடியோவைத்தான் மிதிக்கப் போறேன். வீட்டை இல்ல."

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் மாரீஸ்வரன் எழுந்து நின்றான்.

"வாங்க அத்தான்! டீ சொல்லட்டா?"

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்: "டீ குடிக்க வரலை. மெஷின் எது?"

காட்டினான். போனில் யுவராணி சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டினேன். பாஸ்வேர்டை நாலு தடவை தப்பாக அடித்தேன். ஐந்தாவது தடவை மெஷின் பணிந்தது. கேட்டுக்கு ஒரு டிக். உள்கதவுக்கு ஒரு டிக்.

மாரீஸ்வரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அத்தான், கல்யாணப் படம் முன்னூறு இருக்கு. சிலதை மட்டும் எடுத்துரட்டா?"

"ஒண்ணு விடாம எல்லாம் வரணும்னு சொல்லு," என்றேன் காலண்டரிடம்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்..."

"என் நல்லது எனக்குத் தெரியும்!"

"அப்பா, வந்துட்டு! எல்லாக் கட்டமும் நிறைஞ்சிட்டு!" என்று போனில் கத்தினாள் யுவராணி.

பட்டாளத்துக்காரன் மாதிரி நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

"செத்த நேரம் உக்காந்து, நீங்களும் ஒரு தடவை பாத்துருங்களேன்," என்றாள் குருவம்மாள்.

"ஊரோட சேர்ந்துதான் பார்ப்பேன்!"

ஞாயிற்றுக்கிழமை, சோழபுரம் மண்டபம். கல்யாணப் படங்கள் ஓட ஆரம்பித்தன. தாலி கட்டு முடிந்தது. நான் மேடையேறி மைக்கை வாங்கினேன். "எல்லாரும் சாப்பாட்டை நிறுத்துங்க. இப்ப வரப்போற படத்தைக் கண்ணைத் திறந்து பாருங்க. என்னை எப்படி நடத்துனாகன்னு தெரியும்!"

மண்டபமே திரையைப் பார்த்தது.

வந்தது பந்தி. இலைக்கு முன்னால் நான். பட்டு வேட்டியோடு மாரீஸ்வரன் என் தோளைப் பிடித்து மேடையைக் காட்டுகிறான். அடுத்த படம். அவன் என் கையைப் பிடித்து இழுக்கிறான், நான் இடது கையால் போ போ என்கிறேன். அடுத்த படம். மாரீஸ்வரனோடு இன்னும் நாலு பேர் என்னைச் சுற்றிக் கும்பிட்டு நிற்கிறார்கள். என் வலது கை பாயசத்துக்குள் மணிக்கட்டு வரை இருக்கிறது. படத்தின் மூலையில் மணி 12.40. அதற்கடுத்து மேடை குரூப் போட்டோ. மணி 12.50.

சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. பாயசம் நன்றாக இருந்தது மட்டும் ஞாபகம்.

"ஏலே சுந்தரபாண்டி, உன்னை எழுப்ப அஞ்சு பேர் பத்தலையாக்கும்!" என்று கடைசி வரிசையிலிருந்து என் அக்கா அழகுத்தாய் கத்தினாள். சிரிப்பில் மண்டபத் தகரம் அதிர்ந்தது. மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல், இடுப்பில் செருகப் பார்த்தேன்.

கீழே வந்து குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாட்டி?"

"அந்த வாரமே ஆல்பத்துல பாத்தேன்."

"பொறவு எதுக்கு வேண்டாம், போகாதீங்கன்னு நாலு நாளாத் தடுத்த?"

அவள் தன் தம்பியைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"வேணும்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பீகளா?"