துண்டுக்குள் டோக்கன்

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுத் தரகர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஓர் அரசு ஆஸ்பத்திரியையே பேரம் பேசிப் படிய வைத்தவர் துண்டுக்காரர் ஒருவர்தான். பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர். பச்சைத் துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் எங்களுக்குத் துண்டுக்காரர்.

அப்போது நான் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் வேலையில் இருந்தேன். காது கேளாதவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க மாதம் ஒரு நாள் முகாம் நடக்கும். சான்றிதழ் இருந்தால்தான் காது மிஷின் இலவசம். வருகிறவர்களுக்குக் காது கேட்காது என்று தெரிந்தேதான் என்னை வாசலில் நிறுத்தி நம்பரைக் கத்தச் சொன்னார்கள். நானும் வஞ்சனையில்லாமல் கத்தினேன். என் குரலை டாக்டரே பாராட்டியிருக்கிறார். கூட ஆள் கூட்டி வந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் எழுந்து வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதிவிடுவேன். மூன்று மாதம் அப்படி எழுதிவிட்டால் மனு தள்ளுபடி.

ஒரு முகாம் முடிந்து கதவைப் பூட்டப் போனேன். முன் பெஞ்சில் துண்டுக்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்.

"காலைல ஏழு மணிக்கு வந்தவன் சார். மூணு மாசமா இதே பெஞ்சுதேன். பின்னால வந்தவுகெல்லாம் போயிட்டாக. என்னைய மட்டும் ஏன் கூப்பிட மாட்டேங்கிறீக?"

பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயருக்கு நேரே மூன்று 'வரவில்லை'. மூன்றும் என் கையெழுத்து. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கூப்பிட்டதை வாயைத் திறந்து நடித்துக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துத் துண்டால் மூடினார். இரண்டு விரலை அழுத்தினார். பிறகு ஐந்து, அப்புறம் இன்னும் இரண்டு. அன்று அவருடைய டோக்கன் இருபத்தேழு.

"சந்தையில வெலைய இப்பிடித்தேன் சொல்லுவோம். மாட்டையே விக்கிறோம், இங்கன ஒரு நம்பரச் சொல்ல முடியாதா?"

டாக்டர் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஓடிப் போய் மறித்தேன். "தப்பு என்னோடது சார். அவர் மூணு மாசமும் வந்திருக்கார்" என்றேன். டாக்டர் என்னை முறைத்தபடியே இறங்கி வந்து அன்றே பரிசோதித்தார். மூன்று 'வரவில்லை'யையும் நானே கோடு போட்டு அடித்தேன்.

மிஷின் கிடைத்த பிறகும் மாதாமாதம் வந்தார். நான் துண்டுக்குள் நம்பரைச் சொல்ல, அவர் பெஞ்சு பெஞ்சாகப் போய் ஆண்களுக்குத் துண்டுக்குள் சொல்வார். பெண்களுக்குத் தள்ளி நின்று விரலைக் காட்டுவார். ஒரு பெருசு, "எங்கிட்ட மாடு இல்லப்பா" என்று கையை உருவிக்கொண்டது. மிஷினோ சட்டைப்பையில் கிடக்கும். ஏன் என்று சைகையில் கேட்டேன்.

"அதப் போட்டா ஒங்க சத்தம் தாங்கல சார்."

ஒரு மாதம் சுவரில் சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டும் பலகை வந்தது. மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் அதை உற்றுப் பார்த்தார். "ம், தேறும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு வரவில்லை.

இப்போது நான் ஓய்வு பெற்றாயிற்று. எனக்கும் காது மந்தம். போன வாரம் ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து மூடினாள். என் நம்பரா, வேறு யாருடையதா, தெரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் அப்படி நின்றவன்தானே. பக்கத்தில் யாராவது பச்சைத் துண்டோடு வந்து உட்கார மாட்டார்களா என்று, கையை மட்டும் விரித்து வைத்திருந்தேன்.