கண்ணீருக்கு இரண்டு மதிப்பெண்

கவிதையைக் கண்டால் சிலருக்குத் தூக்கம் வரும்; சிலருக்குக் காதல் வரும். பேனாவின் மூடியைக் கழற்றுகிறவர்கள் தனி இனம். உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். எங்கள் பள்ளியில் இருப்பவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'உத்தி சார்'. நான் அடுத்த வகுப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன், சுவர் மெல்லியது, அதில் ஒரு ஜன்னலும் உண்டு, ஆகவே எனக்கும் கவிதை நயம் அத்துப்படி.

சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருப்பார். உவமைக்குச் சிவப்பு, உருவகத்துக்குப் பச்சை, படிமத்துக்கு நீலம், மையக்கருத்துக்குக் கறுப்பு. மாணவர்களும் அப்படியே வாங்கியாக வேண்டும். மணி அடிப்பதற்குள் பாடப்புத்தகத்தில் அன்றைய கவிதை அடிக்கோடும் அம்புக்குறியும் வட்டமுமாகி, எழுதியவரே வந்தாலும் அடையாளம் தெரியாத நிலைக்கு வந்துவிடும். எங்கேயாவது கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சிவிட்டதா? அதைச் சுற்றியும் கட்டம் போட்டு 'மௌனம்' என்று எழுதச் சொல்வார்.

அவர் வகுப்பில் கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

"சார், இது நல்லா இருக்கு சார்," என்றான் ஒருவன், தெரியாத்தனமாக.

"நல்லா இருக்குன்னா? எந்த உத்தியால நல்லா இருக்கு?"

"தெரியல சார். சும்மா நல்லா இருக்கு."

"சும்மா எதுவும் நல்லா இருக்காது. உட்காரு."

வீட்டிலாவது பேனாவை மூடிவைப்பார் என்று நினைக்கிறீர்களா? ஒருநாள் போயிருந்தேன். அவர் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து, "தலை வெடிச்சிடும்போல இருக்குங்க, அந்த மாத்திரையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க," என்றார். "உயர்வு நவிற்சி! என்ன இயல்பா வந்து விழுது பாருங்க," என்று என்னிடம் பூரித்துப்போனார் உத்தி சார். மாத்திரையை அந்த அம்மாளே போய் எடுத்துக்கொண்டார்.

போகட்டும், அது அவர்கள் குடும்ப விவகாரம். நான் சொல்ல வந்தது சட்டைக் கவிதையை. கொடியில் ஒரு சட்டை தொங்குகிறது; எடுப்பதற்கு யாரும் வரவில்லை; வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. மூன்றே வரி. அவ்வளவுதான்.

"சட்டைங்கறது என்ன?"

"குறியீடு!" வகுப்பே கத்தியது.

"எதுக்குக் குறியீடு?"

"தனிமைக்கு!" அவரிடம் இருப்பு மொத்தமே மூன்றுதான், தனிமை, இயற்கை, சமூக அவலம்; ஒன்று தவறினால் அடுத்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

"கொடி?"

"சமூகம்!"

"கிளிப்பு?"

"நடுத்தர வர்க்கம்!"

கவிதையில் கிளிப்பே கிடையாது. யார் கவலைப்பட்டார்கள்?

அப்போது நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், அந்தச் சட்டைய ஏன் சார் யாருமே எடுக்கல?"

"அது கேள்வித்தாள்ல வராதும்மா."

"இல்ல சார்... எங்க வீட்லயும் அப்பா சட்டை அப்படியேதான் தொங்குது. அம்மா யாரையும் தொட விடமாட்டேங்..."

முடிக்கவில்லை. அழுதுவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

உத்தி சார் கெட்டவரில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இத்தனை வருட வேலைக்குக் கண்ணெதிரே பலன் கிடைத்தால் மனுஷன் என்ன செய்வார்? "பார்த்தீங்களா! படிமம் வேலை செய்யுது!" என்று கரும்பலகைக்குப் பாய்ந்து, 'பயன்: கண்ணீர் - 2 மதிப்பெண்' என்று பெரிதாக எழுதினார். பிறகு அவளிடம் வந்து, எவ்வளவு கனிவாகக் கேட்டார் தெரியுமா!

"அழும்மா, நல்லா அழு. எந்த வரியில அழுகை வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடு. ரெண்டாவதா, மூணாவதா?"

"ரெண்டாவது சார்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

வகுப்பு முழுக்க நீலப் பேனாவை எடுத்தது. அவளும் எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய்ச் சண்டை போடவில்லை, அது வேறு விஷயம்.

பரீட்சைக்கு வந்தது, தொலைந்துபோன குடையைப் பற்றிய வேடிக்கைக் கவிதை. வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் 'இரண்டாம் வரி படிப்போரைக் கண்ணீர் சிந்த வைக்கிறது' என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினார்கள். முதல் மதிப்பெண் அந்தப் பெண்ணுக்கு.

"பிரமாதமா தேறிட்டா சார்," என்றார் உத்தி சார், ஆசிரியர் அறையில் என் தோளைத் தட்டி. "இப்பல்லாம் எந்தக் கவிதையக் குடுத்தாலும் அழறதே இல்ல. டக்குனு உத்தியச் சொல்லிடறா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவள் அழுத இடத்துக்கு வந்தபோது, 'அடடா, நகைச்சுவைக்கு நடுவில் சோகத்தைச் சரியாக வைத்திருக்கிறான்' என்று தலையாட்டினீர்களா, இல்லையா? அவள் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.