ஏதோ ஒன்பதரை

"ஏழு புள்ளி நாலா?" என்று சின்னப்பன் மறுபடியும் கேட்டார். மகள் செலினா மறுபடியும் ஆமாம் என்றாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருஷமும் கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வேதியியல் படித்த பெண் அவள். சிஜிபிஏ ஏழு புள்ளி நாலு, முதல் வகுப்பு என்று சந்தோஷமாகத்தான் வந்து சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கும் புரியட்டுமே என்று விளக்கப் போனாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கோமுகி அணைக்குக் கீழே அவர்களுக்குக் கரும்புக் கொல்லை. அதனால் செலினா கரும்பை வைத்தே சொன்னாள். ஒவ்வொரு பாடமும் ஒரு லோடு. சில லோடு எடை ஜாஸ்தி, சில லோடு கம்மி. அந்த எடைக்குத்தான் கிரெடிட் என்று பேர். வாங்கிய புள்ளியை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வருவது சிஜிபிஏ. பெரிய லோடில் சக்கை விழுந்துவிட்டால் சின்ன லோடு எத்தனை இனித்தாலும் தூக்கி நிறுத்தாது.

சின்னப்பனுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

"அப்ப இது ரெக்கவரி" என்றார்.

நூறு கிலோ கரும்பைப் பிழிந்தால் எத்தனை கிலோ சர்க்கரை வரும் என்பது ரெக்கவரி. ஏழு புள்ளி நாலு என்றால், அவர் கணக்கில், வெட்டிப் போட்டு லாரி வராமல் வெயிலில் காய்ந்து கிடந்த கரும்பு.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ப்பா இது. மொத்தமே பத்துதான்" என்றாள் செலினா.

"பத்துக்கு மேல போவாதா? நல்ல வருசத்துல நம்ம பக்கம் பத்தரை போயிருக்குதேம்மா" என்றார் அவர், பரிதாபமாக.

செலினா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சின்னப்பனுக்கு மகள்மேல் கோபமே இல்லை. தன்மேல்தான். வெட்டு நடக்கும்போதெல்லாம் பரீட்சை என்றுகூடப் பார்க்காமல் அவளைக் கொல்லைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னோமே, அதில்தான் பெண் இப்படி வறண்டுபோய்விட்டாள் என்று நினைத்தார். இனி நாலு பேர் அவளை இளக்காரமாகப் பேசிவிடக்கூடாது. அது ஒன்றுதான் அவர் கவலை.

அந்த நாலு பேரும் டீக்கடையிலேயே இருந்தார்கள். நடுவில் சிவசங்கர் வாத்தியார். ஊரில் ஒரு குழி நிலம்கூட இல்லாத ஒரே ஆள். அதனால் ஊர்ப் பொதுக் காரியம் எல்லாம் அவர் தலையில் விழும். சுதந்திர தின விழாவில், பட்டம் முடித்த பிள்ளைகளுக்குப் பாராட்டு வைக்கும் வேலையும் இந்த வருஷம் அவருடையதுதான். செலினா எவ்வளவு என்று கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் எல்லோர் கரும்பையும் ஒன்றாகப் போட்டுத்தான் அரைக்கிறார்கள். உன் கொல்லைக்கு எவ்வளவு, என் கொல்லைக்கு எவ்வளவு என்று தனியாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாராவது கேட்டால் 'ஏதோ ஒன்பதரை' என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். அதில் பெருமையும் இல்லை, கேவலமும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்றால் ஏதோ இருக்கிறேன் என்று சொல்கிறோமே, அதுபோல. சின்னப்பனின் அப்பாவும் ஆயுசு முழுக்க ஒன்பதரை என்றே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

"ஏதோ ஒன்பதரை சார்" என்றார் சின்னப்பன்.

வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து வந்து சின்னப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் பையனும் இந்த வருஷம்தான் முடித்தான் என்றவர், அதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேனரில் செலினாவின் படத்தைப் போடச் சொல்வதாகச் சொன்னார்.

சுமாருக்கே கை குலுக்குகிறார்கள் என்றால் ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு மோசம் என்று சின்னப்பன் பயந்துபோனார். கொஞ்சம் இறக்கிவிடலாம் என்று, அவ்வளவுகூட இருக்காது சார், கம்மியாகத்தான் இருக்கும் என்றார்.

"நிறைகுடம் தளும்பாதுன்றது சரியாத்தான் இருக்குது" என்று வாத்தியார் எல்லோருக்கும் அவரைக் காட்டினார்.

சின்னப்பன் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்திருந்தது. மனைவி லூசி பால் சொசைட்டியில் கேள்விப்பட்டு, அங்கேயே நாலு பேருக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டும் வந்திருந்தாள். செலினா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரை என்றால் பல்கலைக்கழகத்திலேயே முதல் வரிசையில் வர வேண்டும், தன் வகுப்பில் ஒருத்திகூட அவ்வளவு வாங்கவில்லை என்று அவள் சொன்னாள்.

"என்கூடப் படிச்சவங்க விழா அன்னிக்கு அந்த மைதானத்துலதான் நிப்பாங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கினுப்பா நான் மேடை ஏறறது?"

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். இந்தப் புள்ளிக் கணக்கு யாருக்கும் வேண்டாம். பத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட சதவீதம். எழுபத்து நாலு என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

சின்னப்பன் வழியெல்லாம் எழுபத்து நாலு, எழுபத்து நாலு என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனார். சதவீதம் என்ற சொல் மட்டும் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

"சார், ஒன்பதரைய வுட்டுடுங்க. அவளுக்கு எழுபத்தி நாலுங்க."

வாத்தியார் நாற்காலியைவிட்டு எழுந்தார். பல்கலைக்கழகத்தில் எழுபத்து நாலாவது ரேங்க்கா என்று மெல்லக் கேட்டார். ரேங்க் என்றால் என்னவென்று கேட்கத் தெம்பில்லாமல், அவள் அப்படித்தான் சொன்னாள் என்றார் சின்னப்பன். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் வெறும் பாராட்டு போதாது, எப்படிப் படித்தேன் என்று செலினா மேடையில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று முடிவு செய்தார்.

"இன்னிமே நீங்க எதுவும் சரி பண்ண வேணாங்க. வாயத் தொறக்காம இருந்தாலே போதும்" என்றாள் லூசி. கொடுத்த சர்க்கரையைத் திருப்பி வாங்க முடியாத ஆத்திரம் அவளுக்கு.

விழா அன்றைக்கு மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தார்கள். போனால், ரேங்க் வாங்கிய திமிர், ஊரை மதிக்கவில்லை என்பார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் வாத்தியார் ஹார்லிக்ஸோடு வந்துவிடுவார். யோசித்து யோசித்து மூவருக்கும் அலுத்துவிட்டது.

கடைசியில் செலினா கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடச் சின்னப்பன் தாங்கியிருப்பார்.

"ஏழு புள்ளி நாலு உனக்கு அவ்ளோ அசிங்கமாப்பா?"

அவளைப் பிறர் இளக்காரமாகப் பேசக்கூடாது என்று ஓடியவர், அதை முதலில் செய்தது தாம்தான் என்று அப்போதுதான் உணர்ந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினார்.

பிளக்ஸ் கடை இளவரசன் கம்ப்யூட்டரைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. சின்னப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுதந்திர தின பேனர், தன் பெண்ணின் படம், அதன் கீழே ஒரு எண் என்று தட்டுத்தடுமாறி ஆரம்பித்தார்.

"ஒன்பதரைதானேங்க? அத எடுத்துட்டு நெசமான மார்க்கப் போடணும். உக்காருங்க. காலைலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இதுக்குத்தான் வந்துக்கினே இருக்கீங்க. எல்லாத்தையும் இனிமேதான் மாத்தணும்."

சின்னப்பன் திரையை எட்டிப் பார்த்தார். வரிசையாக ஊர்ப் பிள்ளைகளின் படம். கந்தசாமி மகள், ஒன்பதரை. சடையன் மகன், ஒன்பதரை. ஆண்டாள் பேத்தி, ஒன்பதரை. எல்லாம் ஒரே ஆலைக்குக் கரும்பு வெட்டும் வீடுகள். கேட்ட கேள்விக்கு எல்லோரும் அப்பன் பாட்டன் சொன்ன பதிலையே சொல்லி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சின்னப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"செலினா, ஏழு புள்ளி நாலு. எழுத்து பெருசாவே இருக்கட்டும்ப்பா" என்றார்.

இளவரசன் தட்டினான். எண் மாறியது. அழகாகத்தான் இருந்தது. அப்போதுதான் மேல் வரிசையின் நடுவில் ஒரு வட்டம் காலியாக இருப்பதைச் சின்னப்பன் கவனித்தார். அது யாருக்கு என்று கேட்டார்.

"அது சிவசங்கர் சார் பையனுக்குங்க. எட்டு புள்ளி ஒண்ணு. இத்தினி ஒன்பதரைக்கு நடுவுல அசிங்கமா இருக்குதுன்னு நேத்து சாரே வந்து அழிக்கச் சொல்லிட்டுப் போயிட்டாருங்க."