மரகதவல்லி எழுதாமல் விட்ட படிக்கட்டு

ஒரு காட்டில், மனு வாங்க நாலு கவுண்டர் திறந்து மூன்றை எப்போதும் மூடியே வைத்திருந்த ஒரு பெரிய காட்டில், மரகதவல்லி என்று ஓர் உடும்பு இருந்தாள். பிடித்தால் விடமாட்டாள். அது உடும்புக் குலத்துக்கே உள்ள குணம்தான். ஆனால் மற்ற உடும்புகள் பாறையைப் பிடிக்கும், மரத்தைப் பிடிக்கும். மரகதவல்லி கேள்வியைப் பிடித்தாள். "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், பதில் வரும்வரை எதிராளியின் காலையே சுற்றிக்கொண்டிருப்பாள். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் என்னைக் கட்டிக்கிறீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டு முகூர்த்தத்தையே தவறவிட்டவள் அவள்.

அந்தக் காட்டுக்கு ராஜா, அடலேறு என்ற சிங்கம். அவருக்குக் கட்டடம் கட்டிக் கொடுப்பவர்கள் கறையான்கள். மூன்று லட்சம் பேர். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள்; சொல்லாததைத் தொடவே மாட்டார்கள். தொல்லையே அதுதான். போன வருஷம் ராஜா, "எனக்கு அருமையா ஒரு அரண்மனை கட்டுங்கடா!" என்று கர்ஜித்தார். கட்டினார்கள். ஏழு மாடி, நூற்றெட்டு அறை, காற்றோட்டம் பிரமாதம். வாசல் மட்டும் கறையான் அளவுக்கு. ராஜா மூக்கு நுனியை நுழைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் பழைய குகைக்கே திரும்பிப் போனார்.

மந்திரி நரி யோசனை சொன்னார். "மகாராஜா, நீங்க பேசுறது அவங்களுக்குப் புரியல. அவங்க பேசுறது நமக்குக் கேட்கவே இல்ல. நடுவுல ஒரு ஆளைப் போடணும். பட்டணத்துல அதுக்கு பிசினஸ் அனலிஸ்ட்னு பேரு."

"அந்த ஆளு என்ன பண்ணும்?"

"கேள்வி கேட்கும், மகாராஜா."

கேள்வி கேட்பதென்றால் அந்தக் காட்டில் வேறு யார்? சாயங்காலத்துக்குள் மரகதவல்லியின் பொந்துக்கு உத்தரவு வந்துவிட்டது. தேக்கிலையின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் கடமைகள், பொறுப்புகள். அவள் கணவன் சடையாண்டி இலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"என்ன வேலைடி இது?"

"எல்லார்கிட்டயும் போய், உங்களுக்கு என்ன வேணும்னு கேட்கணும்."

"கேட்டதைக் கொடுப்பியா?"

"இல்ல. எழுதிப்பேன்."

"அப்ப நீதான் கட்டுவியா?"

"அது கறையானுங்க."

"தப்பாக் கட்டினா யாரு பொறுப்பு?"

மரகதவல்லி இலையைத் திருப்பினாள். கடைசி வரி இப்படி இருந்தது: 'குறை ஏதும் நேர்ந்தால், மேற்படி ஆய்வாளர் ராஜாவின் மதிய உணவாகக் கருதப்படுவார்.'

"அதுக்குத்தான் நான்," என்றாள். சடையாண்டிக்கு அன்று இரை இறங்கவில்லை.

முதல் வேலை உடனே வந்தது. ராஜாவுக்குக் கோபுரம் வேண்டுமாம். காட்டிலேயே உயரமான கோபுரம்.

"ஏன், மகாராஜா?" என்றாள் மரகதவல்லி.

மந்திரியின் வால் கம்பியாக நட்டுக்கொண்டது. ராஜாவை அதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ராஜாவுக்கே அது புதுசாக இருந்தது.

"ஏன்னா... காடு முழுக்கத் தெரியணும்."

"ஏன் தெரியணும்?"

"யார் வர்றாங்கன்னு பார்க்கணும்."

"ஏன் பார்க்கணும்?"

"மனுவோட வந்தா ஒளிஞ்சுக்கணும்!" என்று ராஜா வெடித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணு முழிச்சா குகை வாசல்ல நாற்பது மனு, மரகதம். முயலுக்கு முகவரிச் சான்று வேணுமாம். எருமைக்குச் சேறு ஒதுக்கீடு வேணுமாம். கொட்டாவி விட வாயைத் திறந்தா அதுக்குள்ளயும் ஒரு மனுவைச் செருகுறான் அந்தக் குரங்குப் பய. யாரும் வர முடியாத ஒரு இடம் வேணும்மா எனக்கு. அவ்வளவுதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. மரகதவல்லிக்கும் மனசு இளகிவிட்டது. 'யாரும் ஏறி வர முடியாத இடம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அடுத்து மற்றவர்களைக் கேட்கப் போனாள். மான்களுக்கு நிழல் வேண்டும். மேலே அகலம், கீழே ஒல்லி, குடை மாதிரி. யானைகளுக்கு முதுகு சொறியத் தோதாக, சொரசொரப்பாக ஒரு தூண். எழுதிக்கொண்டாள். மகாராணி சிங்கம் ஓடைக்கரையில் பல் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஓடி ஓடி வேட்டையாடுறது நான். முதல்ல உட்கார்ந்து சாப்பிடுறது அவரு. மிஞ்சின எலும்பு எனக்கு," என்றாள் மகாராணி.

"அது சரிங்கம்மா. கோபுரத்துல உங்களுக்கு என்ன வேணும்?"

"அவரு."

"புரியலீங்களே."

"கோபுரத்துல அவரு வேணும்மா எனக்கு. மேல. ரொம்ப மேல."

மரகதவல்லி சும்மா விடுவாளா? யாரிடம் போனாலும் ஐந்து 'ஏன்' கேட்டாள். ஐந்தாவது 'ஏன்'னில் மானும் முயலும் யானையும் ஒரே பதிலைத்தான் முணுமுணுத்தன: அந்தச் சிங்கம் கண்ணில் படாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். இதை அப்படியே எழுத முடியுமா? கழுத்து மிஞ்சாது. ஓர் உச்சிவேளை பூராவும் யோசித்து, 'குடிநீர்த் துறையில் நெரிசல் குறைதல் நலம்' என்று எழுதினாள். எழுதியதும் அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு தேக்கிலை. ராஜா அதைப் படிக்கவில்லை. பாதத்தில் ஏந்தி எடை பார்த்தார். "நல்ல கனம். உழைச்சிருக்க!" என்று சொல்லி முதல் இலையில் கால்ரேகை வைத்தார். அப்படியே அது கறையான்களிடம் போனது.

மத்தியானம் மரகதவல்லி போய் மேஸ்திரிக் கறையானைக் கேட்டாள். "படிச்சாச்சா?"

"ருசிச்சுப் படிச்சோம்," என்றார் மேஸ்திரி, வாயைத் துடைத்துக்கொண்டு. "நூத்தி ஆறாவது பக்கம்தான் கொஞ்சம் கசப்பு."

"தின்னுட்டீங்களா!"

"எங்க வழக்கம் அதுதாம்மா. வயித்துக்குள்ள போனது மறக்காது."

வேலை தொடங்கிய அன்று ராஜா முழங்கால் உயரப் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வேலை நடக்குறதை நானே கூட இருந்து பார்க்கணும்." கறையான்கள் மறுத்துப் பேசுகிறவர்கள் இல்லை. அவர் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, அடியிலிருந்து கட்டிக்கொண்டே போனார்கள். தினம் ஒரு சாண் உயர்ந்தார் ராஜா. சாப்பாட்டைப் பருந்துகள் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தன. வாராவாரம் கூட்டம். கீழேயிருந்து மேஸ்திரி "எண்பது சதவீதம்" என்பார், மேலேயிருந்து ராஜா "பேஷ்!" என்பார். தொண்ணூறு சதவீதம் என்று மட்டும் அஞ்சு வாரம் சொன்னார்கள்.

அஞ்சாவது வாரம் மரகதவல்லி கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஏதோ இடித்தது. இன்னொரு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு மேஸ்திரியிடம் ஓடினாள்.

"மேஸ்திரி... படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"எந்தப் படிக்கட்டு?"

"இறங்குற படிக்கட்டு!"

மேஸ்திரி வயிற்றைத் தடவி யோசித்தார். பின்னால் மூன்று லட்சம் பேரும் தடவி யோசித்தார்கள். "எங்க வயித்துல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. 'யாரும் ஏறி வர முடியாத இடம்'னு இருக்கு. ரெண்டு கோடு வேற போட்டிருந்தது. அது நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு."

இருநூற்றுப் பன்னிரண்டு இலையை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். நிழல் இருந்தது, சொரசொரப்பு இருந்தது, காற்று வீசும் திசைகூட இருந்தது. படி இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. 'மதிய உணவு' என்ற வார்த்தை கண்ணுக்குள் வந்து நின்றது.

"இப்ப சேர்த்துடுங்களேன்!"

"மாற்றக் கோரிக்கைப் படிவம் வேணும். ராஜா கால்ரேகை வைக்கணும்."

படிவத்தை எடுத்துக்கொண்டு மந்திரியிடம் ஓடினாள். மந்திரி நிதானமாகப் படித்தார். "ராஜா நேர்ல கவுண்டருக்கு வந்துதான் ரேகை வைக்கணும். பருந்துகிட்ட கொடுத்தனுப்பினா செல்லாது. அவரே போட்ட சட்டம்." மந்திரியின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

திறப்பு விழாவுக்குக் காடே கூடிவிட்டது. சடையாண்டி மனைவியின் பக்கத்தில் நின்று அவள் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். ராஜா எழுந்தார், சோம்பல் முறித்தார், நாலு பக்கமும் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். குடை மாதிரி விரிந்த மேடை. அடியில் வெறும் ஆகாசம்.

"மரகதம்! எப்படி இறங்குறது?"

"அது... அறிக்கையில வரலீங்க, மகாராஜா."

ராஜாவின் பிடரி சிலிர்த்தது. கர்ஜனையில் ஓடைத் தண்ணீர் கரை தாண்டியது. "குறை! இது குறை! உன்னை இப்பவே தின்னப் போறேன்!"

மரகதவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போனது. இன்னும் ஒரு நிமிஷம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ராஜா மேலேயே இருந்தார். தின்ன வேண்டுமானால் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமானால் படிவம் வேண்டும். படிவம் செல்ல வேண்டுமானால் அவர் இறங்கி வர வேண்டும்.

கூட்டத்தில் ஒரு குட்டி முயல் மெல்ல நகர்ந்து துறைக்குப் போய்த் தண்ணீரில் வாய் வைத்தது. யாரும் பாயவில்லை. அதன் பின்னால் மான் போனது. பிறகு எல்லோரும் திமுதிமுவென்று ஓடினார்கள். தள்ளுமுள்ளு இல்லை, வரிசை இல்லை, டோக்கன் இல்லை. யானை தூணில் முதுகைத் தேய்த்துக் கண் சொருகி நின்றது. மகாராணி அன்று முதல் தடவையாகச் சூடாகச் சாப்பிட்டாள்; மிச்சத்தைப் பருந்திடம் கொடுத்தனுப்பினாள்.

ராஜா இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது, வாசலில் ஒரு மனுகூட இல்லை. வாசலே இல்லை. காற்று ஜிலுஜிலுவென்று வீசியது. வாயை நன்றாக, மனசாரத் திறந்து, அரை நாழிகை நேரம் கொட்டாவி விட்டார். வாய்க்குள் யாரும் எதையும் செருகவில்லை. "யார்றா கீழ? சத்தம் போடாதீங்க!" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனார்.

அடுத்த வாரமே பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கரடியும் இரண்டு முள்ளம்பன்றிகளும் மரகதவல்லியைத் தேடி வந்தன. கரடி ஒரு பலாப்பழத்தை முன்னால் வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"எங்க காட்டுல ஒரு புலி இருக்காரு. ரொம்பப் பெரிய மனுஷர். அவரை இன்னும் உயரத்துல வெச்சுப் பார்க்கணும்னு எங்களுக்கெல்லாம் ஒரு ஆசை. இதே மாதிரி ஒண்ணு கட்டணும்."

"கட்டிடலாம்," என்றாள் மரகதவல்லி, புது இலையை எடுத்துக்கொண்டு.

கரடி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தது. "படிக்கட்டு வேண்டாம்னு அதுல தனியா எழுதணுமாம்மா?"

"எழுதக் கூடாது," என்றாள் மரகதவல்லி. "அதுக்குத்தானே என்னைக் கூப்பிட வந்திருக்கீங்க."

நீதி: தலைவரை உயர்த்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், செலவைப் படிக்கட்டில் மிச்சம் பிடிக்க வேண்டும்.